நிச்சயதார்த்தத்தன்று பெட்டி எழுந்திருக்கவில்லை

என் மகள் ஆதிரைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் துறையூரிலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்த நேரத்தில், எங்கள் வீட்டு உறவுப்பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. முன்பக்கம் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். திரையும் இருட்டு, என் காதிலும் சத்தமில்லை.

"இத்தனை வருஷமா ஒரு நாள் லீவு போடாத சனியன், இன்னைக்குன்னு பாத்துப் படுத்துக்கிச்சே!" என்று கூடத்தில் நின்று கத்தினேன்.

என் கணவர் ராஜவேலு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பொத்தானை மறுபடி அமுக்கினார். டிவி, மிக்சி, லிஃப்ட், எது நின்றாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அணைத்துப் போடுவார்.

உறவுப்பெட்டி வாங்காத வீடு இன்னும் எங்காவது இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு மூக்குத்தியில், ஆண்களுக்குச் சட்டைப் பொத்தானில் ஒரு குட்டி கேமரா. காதுக்குள் கடுகளவு ஒரு பொட்டு. எதிரே ஒரு முகம் வந்தால் போதும், வீட்டிலிருக்கும் பெட்டி காதில் ஓத ஆரம்பித்துவிடும். "பச்சைப் புடவை, உங்கள் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா. அண்ணி என்று கூப்பிடவும். மூட்டு வலி பற்றி விசாரிக்கவும். மகனின் வேலை பற்றி வாயைத் திறக்க வேண்டாம்." நாமும் முகமெல்லாம் பல்லாக, "வாங்க அண்ணி, முட்டி இப்ப தேவலையா?" என்போம். அண்ணி உருகிப்போவார். அவர் காதில் அவர் வீட்டுப் பெட்டி நம்மைப் பற்றி ஓதிக்கொண்டிருக்கும். இப்படி ஒருத்தருக்கொருத்தர் அன்பைக் கொட்டிவிட்டு, யார் யாரென்றே தெரியாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பெட்டி வந்த பிறகு "என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்கிற சண்டை ஊரில் குறைந்தது. கூடவே ஞாபகமும் குறைந்தது. தில்லைநகரில் மருந்துக் கடை நடத்துகிறவள் நான். எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவேன். என் சித்தப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் எங்கள் பெட்டி பழசு. கொஞ்ச நாளாகவே காதில் சொல்ல வேண்டியதை ஓர் ஆள் தள்ளிச் சொல்ல ஆரம்பித்திருந்தது. போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். வெளிநாடு சுற்றிவிட்டு வந்த ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்கான குறிப்பு என் காதுக்கு வந்தபோது எதிரே நின்றது, புருஷனைப் பறிகொடுத்துச் சில மாதங்களே ஆன இன்னொருத்தி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோடியா போனீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

சம்பந்தி வீட்டாரிடம் இந்தக் கூத்து நடந்தால் என்ன ஆவது? அதனால்தான் மூன்றாம் மாடி ஃபெலிக்ஸைப் பிடித்தேன். வங்கியில் வேலை, ஆனால் சாயங்காலமானால் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு அதன் வேகத்தை ஏற்றுவதுதான் அவருக்குக் கோயில், குளம் எல்லாம். "புதுசு எதுக்கு மேடம்? மெமரியை ஓவர்க்ளாக் பண்ணிடலாம்" என்று முந்தின நாள் வந்து ஏதோ எண்ணை மாற்றிவிட்டுப் போனார்.

இப்போது கூப்பிட்டதும் ஸ்க்ரூடிரைவரும் அரை டிராயருமாக ஓடி வந்தார்.

"நேத்து நான் வச்ச எண்ணுலதானே விட்டீங்க?"

"அதுல ஒரு படி கூட்டினேன்."

"ஏன் மேடம்?"

"சம்பந்தி வீட்டுல கூட்டம் ஜாஸ்தி ஃபெலிக்ஸ்."

"உங்க கடைக்கு ஒருத்தர் வந்து, காய்ச்சல் ஜாஸ்தி, அதனால நானே மாத்திரையை டபுளா போட்டுக்கிட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"செருப்பால அடிப்பேன்."

"நான் மரியாதை தெரிஞ்சவன், அடிக்க மாட்டேன். இந்த மூடியைப் பிடிங்க." பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து காசு மாதிரி ஒரு பேட்டரியைக் கழற்றினார். "இதைக் கழட்டிட்டா, நீங்க கூட்டின வேகம் அதுக்கு மறந்துடும்."

"அய்யோ, சொந்தக்காரங்களும் மறந்துடுமா?"

"அது வேற இடத்துல பத்திரமா இருக்கு. பயப்படாதீங்க." பேட்டரியைத் திரும்பப் போட்டார். உள்ளேயிருந்த இரண்டு மெமரி கார்டுகளையும் உருவி, துடைத்து, டக் டக்கென்று அழுத்திச் செருகினார். தன் கணக்குப்படி ஓர் அளவான வேகத்தை வைத்து மூடினார். "இப்ப இது தன்னைத்தானே பழக்கிக்கும். இந்த வேகம் தாங்குமா, அந்த வேகம் தாங்குமான்னு ஒவ்வொரு கார்டா தட்டித் தட்டிப் பாக்கும். அதுவரைக்கும் இருட்டாத்தான் இருக்கும். நான் போய்க் குளிச்சிட்டு வர்றேன். யாரும் தொடாதீங்க."

அவர் அந்தப் பக்கம் போனார். இந்தப் பக்கம் லிஃப்ட் திறந்து என் தம்பி திலீபன் வந்தான்.

கையில் வெள்ளித் தட்டு, அதில் பட்டுப் புடவை, ரோஜா மாலை. தாய்மாமன் சீர். புதுக்கோட்டையில் ஓவிய ஆசிரியராக இருக்கிறான். ஆள் இளைத்துப்போயிருந்தான்.

அவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அவன் பால் பொங்கி முடிந்த பிறகு வந்தான். நான் வந்திருந்தவர்களுக்கு முன்னால், "பாலும் ஆறிப்போச்சு, காபியும் குடிச்சாச்சு. இனி நீ வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றேன். சீர்த்தட்டோடு வந்தவன் அதே லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான். ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு நாள் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தான். "அக்கா, போன ஞாயித்துக்கிழமை சொன்னியே அந்தக் கத்திரிக்காய் கூட்டு, பண்ணிப் பாத்தேன். பிரமாதம்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. பெட்டியில் 'உறவு பேணல்' என்று ஒரு வசதி உண்டு. நமக்கு நேரமில்லாவிட்டால் பெட்டியே நம் குரலில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும். வாங்கின புதிதில் அது கேட்ட எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டிவிட்டிருந்தேன். அதில் இதுவும் போயிருக்கும்.

நானும் பேசாமல் இருந்துவிட்டேன். தலை குனியாமல் தம்பி திரும்பக் கிடைத்தான். எனக்கென்ன கசக்கிறதா? ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்றுகூடக் கேட்கலாம். "நேத்து போன்ல நீங்களேதான் பேசினீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. அதைவிடப் பெரிய அவமரியாதை இன்றைக்குக் கிடையாது. திலீபன் மனைவி லதா இறந்தபோது போய் அவன் பக்கத்தில் நின்றேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெட்டி சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

"வாடா" என்றேன் இப்போது. வேறு என்ன சொல்வது? காதில் ஒரு சத்தமும் இல்லை.

"நீ சொன்னதிலிருந்து ஒரு வாரமா தூக்கமே இல்லக்கா" என்றான். "சந்தோஷத்துலதான். இன்னும் என்னால நம்ப முடியல."

"ம்ம்" என்றேன். எதை நம்ப முடியவில்லை?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன்ல சொன்னதை இன்னைக்குச் சபையில சொல்லிடு. பத்திரிகை வாசிச்சு முடிச்சதும், எல்லாரும் இருக்கறப்ப, உன் வாயால."

"சொல்லாம என்ன?"

"நீ சொன்னப்பறம்தான் நான் ஆதிரைக்கு மாலை போடுவேன். சொல்லலைன்னா புதுக்கோட்டைக்கு அடுத்த பஸ். கோவத்துல பேசலக்கா, எனக்கு ஒரு தெளிவு வேணும்."

தாய்மாமன் மாலை இல்லாமல் நிச்சயமா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதை விடுங்கள். இந்த முறை அவன் லிஃப்டில் இறங்கினால் திரும்ப ஏறமாட்டான்.

மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன். "அதைத்தானே சொல்ற?"

"அதேதான்."

"விவரமா சொல்லணுமா, சுருக்கமா போதுமா?"

"என்கிட்ட எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லுக்கா" என்று சொல்லி, தட்டைத் தூக்கிக்கொண்டு நிச்சயத்துக்காகக் கீழ்த்தளத்தில் எடுத்திருந்த அரங்கத்துக்குப் போய்விட்டான்.

நான் ராஜவேலுவைப் படுக்கையறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். "ஏங்க, இவனுக்கு என்னமோ வாக்குக் கொடுத்திருக்கேன். என்னன்னு தெரியல."

"நீ கொடுத்ததை நீதானே சொல்லணும்?"

"நான் எங்க கொடுத்தேன்? பெட்டி கொடுத்திருக்கு."

"உன் குரல்லதானே கொடுத்துச்சு?"

குளித்து விபூதி வைக்காத குறையாகப் பளிச்சென்று வந்து நின்ற ஃபெலிக்ஸிடமும் முறையிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "பெட்டி நம்ம குரல்ல சொன்னது நாம சொன்ன மாதிரிதான் மேடம். வாங்கும்போது ஒத்துக்கிட்டோமே, அதுல இருக்கு. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாக்கூட, நான் சொல்லலைங்கறது நிக்காது." என்றவர் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னுமா இருட்டா இருக்கு? இந்நேரம் எழுந்திருக்கணுமே!" ஒரு கார்டை உருவிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் போட்டார். விசிறி சுற்றியது, ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அதற்குள் கீழே வேன் ஹாரன் அடித்துவிட்டது.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அரங்க வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். இறங்கி வந்தது அத்தனையும் புதுமுகம். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை முகிலனையும், அவன் அம்மா வனஜாவையும் தவிர ஒருவரையும் தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவாக "வாங்க வாங்க" போட்டேன். கடைசியாக மீசை வைத்த, தோரணையான ஒருவர் வந்தார். வீட்டுக்குப் பெரியவர் போலிருக்கிறது என்று நினைத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் நடு சோபாவில் உட்காரவைத்து, "நீங்க வந்துதான் இந்தக் காரியத்துக்கே களை" என்றேன். அவர் நெளிந்தார். ஜூஸ் கொடுத்தேன். குடித்தார். பன்னீர் தெளித்தேன். துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அம்மா, வண்டியை நிழல்ல போடணும். சாவியை எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

வனஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் நெருப்பில் நிற்கிற மாதிரி நின்றேன். அவர் என் பக்கத்தில் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க பெட்டி மக்கர் பண்ணுதா சம்பந்தி?" என்றார்.

"எழுந்திருக்கவே இல்லைங்க."

"பரவாயில்ல. எங்க டிரைவருக்கு இப்படி ஒரு மரியாதை எங்க வீட்டுலயே கிடைச்சதில்ல" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் மேடைக்குப் பக்கத்தில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு திலீபன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் பத்திரிகையை எழுத உட்கார்ந்துவிட்டார். ஏதோ பாத்திரம் எடுக்கப் போகிறவள் போல நழுவி மாடிக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தால் ஃபெலிக்ஸ் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையும் களவுமாக.

"மேடம், இங்க பாருங்க! நான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சார் வந்து அணைச்சு அணைச்சுப் போட்டிருக்கார். அது பாவம், ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கு. பழுதே இல்ல மேடம், பழகவிடலை!"

"இருட்டா இருந்துச்சேன்னு ஒரு தடவை..." என்றார் ராஜவேலு.

"சார், எத்தனை தடவை?"

"ரெண்டு மூணு... நிமிஷத்துக்கு ஒரு தடவை இருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத்தான் கழற்றித் துடைத்துச் செருகியிருக்க வேண்டும். ஃபெலிக்ஸ் இரண்டு கார்டையும் போட்டு, மெஷினைத் தட்டிவிட்டு, பெட்டிக்கும் என் கணவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே நாதஸ்வரம் ஆரம்பித்தது. என் கை அந்தப் பொத்தானுக்குப் போகத் துடித்ததையும் சொல்ல வேண்டும். அடக்கிக்கொண்டேன்.

விளக்கு பச்சையானது. காதில், "வணக்கம் சுகந்தி" என்றது பெட்டி.

"வணக்கமெல்லாம் இருக்கட்டும். என் தம்பி திலீபன்கிட்ட நான் என்ன வாக்குக் கொடுத்தேன்? சீக்கிரம் சொல்லு."

"நீங்கள் திலீபனுடன் போனில் பேசியதாகப் பதிவு இல்லை."

"நான் பேசலன்னு எனக்குத் தெரியும். நீ பேசினியே, அதைக் கேக்கறேன்."

"நான் பேசவில்லை. 'உறவு பேணல்' இந்த வீட்டில் ஒருபோதும் இயக்கப்படவில்லை."

நான் ஃபெலிக்ஸைப் பார்த்தேன். அவர் திரையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆமா மேடம். இதுக்குக் கம்பெனிக்காரன் தனியா மாசாமாசம் பணம் வாங்குவான். நீங்க கட்டவே இல்லையே."

"அப்ப என் குரல்ல இத்தனை வருஷமா எவ பேசினா?"

"வீட்டு எண் வழியாக ஞாயிறுதோறும் திலீபனை அழைத்தவர் ஆதிரை" என்றது பெட்டி. "வீட்டார் பேசுவதை நான் கேட்பதில்லை. எனவே வாக்கு பற்றித் தெரியாது."

ஆதிரையின் அறைக்குள் நுழைந்தேன். பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணை, "கொஞ்சம் வெளிய இரும்மா" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் மாமாகிட்ட யாருடி பேசினது?"

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்தே என்னைப் பார்த்தாள். "பெட்டி எழுந்திடுச்சா? சே."

"சேயாவது! சொல்லுடி."

"காலேஜ் சேர்ந்த புதுசும்மா. மாமா பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லலாம்னு வீட்டு நம்பர் வழியா கூப்பிட்டேன். போன்ல என் குரல் உன் குரல் மாதிரியே இருக்குமே, ஹலோன்னேன். 'அக்கா'ன்னார். அப்புறம் பேச்சே வரலை அவருக்கு. அழறார்மா. நான் ஆதிரை மாமான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"அதுக்காக இத்தனை வருஷமா?"

"ஒவ்வொரு வாரமும் இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் கூப்பிடுவேன். அவர் சந்தோஷமா ஆரம்பிச்சிடுவார். விட்டுடுவேன்."

"நான் பேசற மாதிரியே பேசினியா?"

"நீ பேசற மாதிரி பேசினா அவர் போனை வச்சிருக்க மாட்டாரா?"

சிரிப்பும் வந்தது, அறையவும் கை வந்தது. "என்ன வாக்குக் கொடுத்தே? அதைச் சொல்லு."

அவள் இப்போதுதான் திரும்பினாள். "போன மாசம் மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டற வரைக்கும் எழுந்திருக்க முடியாம அங்கயே கிடந்திருக்கார். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"அத்தை போனப்பறம் அவருக்கு யாருமில்லம்மா. அதான், ஆதிரை கல்யாணமாகிப் போயிட்டா அவ ரூம் சும்மாத்தான் கிடக்கும், நீ இங்கயே வந்து எங்களோட இருந்துடுடான்னு சொல்லிட்டேன்."

"யார் சொன்னா?"

"நீ சொன்னே."

"என் வீட்டுக்கு, என் குரல்ல, எனக்கே தெரியாம ஆள் கூப்பிட்டிருக்க! என்ன தைரியம்டி உனக்கு?"

"சரிம்மா, நீயே பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவன் ஈரத் தரையில் தனியாகக் கிடந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. என் தம்பி விழுந்ததை என் மகள் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

"நீ சபையில ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்று எழுந்தாள்.

"உண்மை தெரிஞ்சா அவன் நிப்பானா? பேசாம உக்காரு. பூ சரியா இல்ல."

லிஃப்டில் இறங்கும்போது ராஜவேலுவிடம் விஷயத்தைச் சொன்னேன். வீடு அவருடையதும்தானே. "உன் தம்பி, நீ முடிவு பண்ணு. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவன் விடியக்காலைல எழுந்து பாட்டுப் பாடுவானே, அதுதான்..." என்றார். "நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்கறதைவிட அது தேவலை" என்றேன்.

பத்திரிகை வாசித்து முடித்தார்கள். தட்டு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் தாய்மாமன் எழுந்து மாலை போட வேண்டும். திலீபன் எழவில்லை. ஐயர் அவனைப் பார்த்தார், அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.

நின்றதும் பெட்டி குஷியாகிவிட்டது. வேகம் ஏறின பெட்டியல்லவா, தீபாவளிச் சரம் மாதிரி காதுக்குள் வெடித்தது. முன்வரிசையில் யார் யார், எந்த முறை, எந்த ஊர். "சபைக்கு ஏற்ற வாசகம்: வருகை தந்திருக்கும் பெரியோர்களே, பாசத்துக்குரிய என் இளவல் திலீபன் அவர்கள்..."

"ச்சீ, வாயை மூடு!" என்றேன்.

அரங்கமே திடுக்கிட்டது. முன்வரிசையில் வாயைத் திறந்திருந்த ஒருவர் பட்டென்று மூடிக்கொண்டார்.

"உங்களை இல்லைங்க" என்றேன். "இவன் என் தம்பி. ஆதிரைக்குத் தாய்மாமன். எதுக்கும் நேரத்துக்கு வரமாட்டான். இன்னைக்குத்தான் அதிசயமா முதல்ல வந்து நிக்கறான். புதுக்கோட்டையில தனியா இருக்கான். விழுந்தா தூக்க ஆளில்ல, அதைக்கூடச் சொல்லமாட்டான், அவ்வளவு ரோஷம். அந்த ரோஷம் எனக்கும் உண்டு, அதான் இத்தனை நாள் வீணாப் போச்சு. கல்யாணம் முடிஞ்சதும் இவன் எங்க வீட்டுக்கு வந்துடறான். எங்களோடதான் இருப்பான். நான் கூப்பிடறேன், எல்லாரும் கேட்டுக்கங்க. வரலைன்னா கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். டேய், என்னடா முழிக்கற? எழுந்திரு, பொண்ணு காத்துக்கிட்டு நிக்குது!"

யாரோ கை தட்டினார்கள். வேன் டிரைவர் என்று நினைக்கிறேன். திலீபன் எழுந்தான். மாலையைப் போட்டான். ஆதிரை குனிந்தவள் நிமிராமல் அப்படியே அவன் தோளில் சாய்ந்து அழுதாள். சம்பந்தி வீட்டார், மாமன் மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்!

பந்தியில் திலீபன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஆதிரையும் முகிலனும். சாப்பாடு பாயசம்வரை வந்த பிறகு அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுப்பேன். சொல்லு."

"இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை பேசினது நீ இல்லன்னு எனக்குத் தெரியும்."

நான் எதிர் வரிசையில் ஆதிரையைப் பார்த்தேன்.

"பெட்டிதானே?" என்று சிரித்தான். "முதல் மாசமே கண்டுபிடிச்சிட்டேன். நீயாவது, நான் சொல்றதை முழுசா கேக்கறதாவது!"

"தெரிஞ்சும் ஏன்டா பேசினே?"

"உன் குரலாச்சேக்கா. பெட்டியோ என்னமோ, உன் குரல்ல என்னைச் சாப்டியாடான்னு கேட்டுச்சு. லதா போனப்பறம் அதைக் கேக்க வேற யார் இருக்கா?" பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கினான். "ஆனா, வந்துடுடான்னு அது சொன்னப்பதான் பயந்துட்டேன். பெட்டி பேச்சை நம்பி வீட்டைக் காலி பண்ண முடியுமா? அதான் சபையில சொல்லுன்னேன். பெட்டி சபையில வந்து நிக்காதில்ல? நீ எழுந்து நின்னு திட்டின பாரு, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். பரிமாறுகிறவர், "காரம் ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒரே ஒரு வருத்தம்தான்" என்றான்.

"இன்னும் என்னடா?"

"நான் இங்க வந்துட்டா ஞாயித்துக்கிழமை அது பேசாதில்ல? உன்னைவிட அது ரொம்ப நல்ல பொண்ணுக்கா."

"பேசாது" என்றேன். "அதுக்குத்தான் இன்னைக்கு நிச்சயமாயிருக்கே."

திலீபன் என்னைப் பார்த்தான். பிறகு எதிர் வரிசையைப் பார்த்தான். ஆதிரை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவன் இலையை மூடவில்லை, கையும் கழுவவில்லை. பாதிப் பாயசத்தில் எழுந்து, பரிமாறுகிறவர்களை விலக்கிக்கொண்டு அவளிடம் போனான்.